1980-களின் பாப் சிங்கிள்களும் எக்ஸ்டெண்டட் ரீமிக்ஸ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானொலியில் நாலு நிமிடத்தில் முடிந்துபோகும் பாட்டு, 12 அங்குல வினைல் இசைத்தட்டில் எட்டு நிமிடம் ஓடும். கூடுதலான அந்த நாலு நிமிடம் எங்கிருந்து வந்தது, அதை எப்படிச் செய்தார்கள், இன்று அந்தத் தட்டுகளை வாங்கும்போதும் வீட்டுக் கணினியில் அதே முறையைச் செய்து பார்க்கும்போதும் எங்கே சறுக்கும் என்பவை பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கணக்கு வரும் இடங்களில் எல்லாம் நான்கு பீட் (தாள அடி) ஒரு பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்றால் பாட்டை நீளமாக்குவதுதானே?

நீளம் கூடும், ஆனால் நீளத்துக்காகச் செய்ததல்ல. வானொலிக்கான சிங்கிளில் (தனிப் பாட்டாக வரும் தட்டு) பாடகரின் குரல் 15, 20 நொடிக்குள் வந்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கேட்பவர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். நடன அரங்கில் தேவை நேர்மாறானது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வேகத்தோடு அடுத்த தட்டின் வேகத்தைப் பொருத்த டிஜேவுக்கு வெறும் தாளம் மட்டும் ஓடும் நேரம் வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் 16 அல்லது 32 பார் டிரம், முடிவில் அதே மாதிரி இன்னொரு நீளம். 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு பார் சரியாக 2 நொடி. 32 பார் என்றால் 64 நொடி. ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற அது தாராளம்.

நடுவில் 'பிரேக்' வரும். குரலும் கீபோர்டும் விலகி, டிரம்மும் பேஸும் (தாழ் சுர ஒலி) மட்டும் நிற்கும் இடம். ஆடுகிறவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். எல்லாப் பகுதிகளும் 8 பார், 16 பார் என்று எட்டின் மடங்காகவே மாறும். ஆடுகிறவர் எண்ணுவதில்லை என்றாலும் உடம்பு எண்ணிக்கொண்டே இருக்கும். 7 பாரில் மாற்றினால் அரங்கமே ஒரு கணம் தடுமாறும்.

முதலில் செய்தது யார்?

நியூயார்க்கின் டாம் மோல்டன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1970-களின் நடுவில் டிஸ்கோ பாட்டுகளை நடனத்துக்காக நீட்டிக்கொண்டிருந்தவர். மாதிரித் தட்டு வெட்டப் போன இடத்தில் 7 அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துவிட்டது. மாஸ்டரிங் பொறியாளர் ஹோசே ரோட்ரிகஸ் அந்தப் பாட்டை 10 அங்குலத் தட்டில் வெட்டினார். பெரிய தட்டில் குட்டியாக ஒரு வளையம் கேலியாகத் தெரிந்ததால், வரிகளை (ஊசி ஓடும் பள்ளங்களை) அகலப் பரப்பி, ஒலியளவைக் கூட்டி மறுபடி வெட்டினார்கள். சத்தமும் பேஸும் வேறு தரத்தில் இருந்தன. அடுத்த முறை வேண்டுமென்றே 12 அங்குலத்துக்குப் போனார்கள்.

கடையில் விலைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1976-இல் சால்சோல் நிறுவனம் வெளியிட்ட டபுள் எக்ஸ்போஷரின் 'டென் பெர்சென்ட்'. அதை ஒன்பது நிமிடத்துக்கு மேல் கொண்டுபோனவர் வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே. பாட்டைத் தயாரித்தவர்களுக்கு வெளியே இருந்த ஒருவர் கையில், ஒவ்வோர் ஒலியும் தனித்தடத்தில் இருக்கும் மல்டி-டிராக் டேப்பைக் கொடுத்தது அன்று துணிச்சலான வேலை. 80-களின் பாப் ரீமிக்ஸ் முழுவதும் அந்த ஏற்பாட்டின் மீதுதான் நிற்கிறது.

12 அங்குலத் தட்டில் ஒலி ஏன் உரக்க, கனமாக இருக்கிறது?

பேஸ் ஒலிக்கு வரி அகலமாக ஆட வேண்டும். 7 அங்குலத் தட்டில் இடம் இல்லாததால் பேஸைக் குறைத்தோ மொத்த ஒலியளவைக் குறைத்தோதான் வெட்ட முடியும். 12 அங்குலத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்றால் வரிகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விடலாம்.

வேகமும் உண்டு. நிமிடத்துக்கு 45 சுற்றில் 12 அங்குலத் தட்டின் வெளி ஓரம் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறத்தாழ 69 செ.மீ. நகர்கிறது. அதே 45 சுற்றில் 7 அங்குலத்தின் வெளி ஓரம் 40 செ.மீ. அளவுதான். எல்பி (முழு ஆல்பம் கொண்ட) தட்டின் 33⅓ சுற்றில் 51 செ.மீ. ஒரு நொடி இசைக்கு அதிக நீள வரி கிடைத்தால் ஹை-ஹாட் (டிரம்மோடு இருக்கும் ஜால்ரா போன்ற தட்டு), 'ஸ்' ஒலி போன்ற உயர் அதிர்வெண்கள் கரகரப்பில்லாமல் பதியும். தட்டின் உள்பக்கம் போகப் போக இந்த வேகம் குறையும். நீளமான மிக்ஸ்களின் கடைசி நிமிடத்தில் குரல் கொஞ்சம் கரகரப்பது பெரும்பாலும் இதனால்தான். உங்கள் ஊசியைக் குறை சொல்ல வேண்டாம்.

'டப்' என்று தட்டின் பின்பக்கம் இருப்பது என்ன?

ஜமைக்காவிலிருந்து வந்த பழக்கம். கிங் டப்பி போன்றவர்கள் 70-களில் ரெக்கே பாட்டின் குரலை எடுத்துவிட்டு, பேஸையும் டிரம்மையும் முன்னால் நிறுத்தி, ஒரு சொல்லை மட்டும் எதிரொலியில் மிதக்கவிட்டார்கள். நியூயார்க், லண்டன் ரீமிக்ஸர்கள் அதைப் பாப்புக்குக் கொண்டுவந்தார்கள். யாஸூவின் 'சிச்சுவேஷன்' (1982) பாட்டுக்கு ஃபிரான்ஸ்வா கெவோர்கியன் செய்த மிக்ஸில் இந்த வம்சாவளி தெளிவாகக் கேட்கும்.

எங்கள் கருத்து: அந்தக் காலத்தின் பல சிங்கிள்களில் டப் பக்கம்தான் உண்மையான வேலை. நிறுவனத்துக்காகச் செய்தது முன்பக்கம், ரீமிக்ஸர் தனக்காகச் செய்தது பின்பக்கம்.

லேபிளில் இருக்கும் மற்ற பெயர்கள்?

'கிளப் மிக்ஸ்' என்றால் பெரும்பாலும் தாளத்தையே மாற்றியமைத்தது. 'எக்ஸ்டெண்டட் வெர்ஷன்' என்றால் மூலப் பாட்டின் ஒலிகளே, நீளம் மட்டும் கூடியது. 'இன்ஸ்ட்ருமெண்டல்' குரல் நீக்கியது. 'அகபெல்லா' குரல் மட்டும். 'போனஸ் பீட்ஸ்' என்பது டிரம் மட்டுமே ஓடும் சில நிமிடங்கள், டிஜே இதன்மேல் வேறு எதையும் கலக்கலாம். 'எடிட்' என்றால் சுருக்கியது. டுரான் டுரான் தங்கள் நீள மிக்ஸ்களுக்கு 'நைட் வெர்ஷன்' என்று பெயர் வைத்தார்கள். 'மர்டர் மிக்ஸ்', 'கேக் மிக்ஸ்' என்பவையெல்லாம் விளையாட்டுப் பெயர்கள். அவற்றுக்குத் தொழில்நுட்பப் பொருள் எதுவும் கிடையாது.

80-களில் இதைச் செய்தவர்களில் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

நியூயார்க் பக்கம் ஆர்தர் பேக்கர், ஜான் 'ஜெல்லிபீன்' பெனிட்டஸ், ஷெப் பெட்டிபோன். ஜெல்லிபீன் ஃபன்ஹவுஸ் என்ற கிளப்பின் டிஜே. பேக்கர் புதிதாகக் கலந்த டேப்பை அங்கே கொண்டுபோய்ப் போட்டு ஆட்டத்தைப் பார்ப்பார்; நியூ ஆர்டரின் 'கன்ஃபியூஷன்' (1983) வீடியோவில் இதைக் காணலாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'டான்சிங் இன் தி டார்க்' பாட்டுக்கு 1984-இல் பேக்கர் செய்த 'பிளாஸ்டர் மிக்ஸ்', ராக் ரசிகர்களை எரிச்சலூட்டிய தட்டு. பெட்டிபோன், நியூயார்க்கின் 98.7 கிஸ் எஃப்எம் வானொலிக்காகச் செய்த 'மாஸ்டர்மிக்ஸ்'களிலிருந்து மேலே வந்தவர். நியூ ஆர்டரின் 'பிசார் லவ் டிரையாங்கிள்' (1986), பெட் ஷாப் பாய்ஸின் 'வெஸ்ட் எண்ட் கேர்ல்ஸ்', மடோனாவின் பல சிங்கிள்கள் அவர் கைபட்டவை.

டேப்பை வெட்டி ஒட்டுவதையே கலையாக்கியவர்கள் லத்தீன் ராஸ்கல்ஸ் என்ற இருவர், ஆல்பர்ட் கப்ரேராவும் டோனி மோரனும். ஒரு சொல் 'த-த-த-த' என்று துப்பாக்கி போலத் தெறிக்கும் இடங்களை இவர்கள் பிளேடால் செய்தார்கள்.

பிரிட்டனில் டிரெவர் ஹார்ன், மார்ட்டின் ரஷென்ட், பிடபிள்யூஎல் ஸ்டுடியோவின் ஃபில் ஹார்டிங், பீட் ஹாம்மண்ட். ஹியூமன் லீக்கின் 'டேர்' ஆல்பத்தை ரஷென்ட் பிரித்துக் கோத்த 'லவ் அண்ட் டான்சிங்' (1982), ஒரு ஆல்பம் முழுவதையும் ரீமிக்ஸாக வெளியிட்ட முன்னோடிகளில் ஒன்று. கணினியில் ஒலியை வெட்டி ஒட்டும் வழக்கம் இல்லாத காலத்தில், டேப்பில் செய்யப்பட்டது.

ஸ்டுடியோவில் நிஜமாக என்ன நடந்தது?

நிறுவனத்திலிருந்து 2 அங்குல அகல 24-டிராக் டேப் வரும். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்), பேஸ், குரல், பின்குரல் எல்லாம் தனித்தனித் தடத்தில். பாட்டு முழுவதையும் ஒரே மூச்சில் கலக்கமாட்டார்கள். 16 பார் டிரம் மட்டும் ஒரு பதிவு. பேஸ் சேர்த்து ஒன்று. கோரஸ் குரல் மட்டும் எதிரொலியோடு ஒன்று. எல்லாம் சேர்த்து ஒன்று. இப்படித் துண்டு துண்டாக இரு-டிராக் டேப்பில் இறக்கிக்கொண்டே போவார்கள். ஒலிக்கலவை மேசையின் விசையை நேரடியாகக் கையால் அமுக்கி ஒலிகளை நிறுத்துவதும் திறப்பதும் நடக்கும். நல்லதாக அமைந்த விபத்துகளும் அப்படியே டேப்பில் நிற்கும்.

அடுத்த நாள் எடிட்டர் உட்கார்ந்து அந்தத் துண்டுகளிலிருந்து ஏழு எட்டு நிமிடத்தைக் கோப்பார். நீளமான தாளம் தேவையென்றால் டேப் லூப். 120 பிபிஎம்மில், நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் 4 பார் என்பது 120 அங்குலம், அதாவது 10 அடி. அந்த வளையத்தை மைக் ஸ்டாண்டைச் சுற்றி இழுத்துப் பிடித்து ஓட்டுவார்கள்.

பிளேடால் வெட்டினால் தாளம் எப்படித் தப்பாமல் இருந்தது?

அளவுகோல் கணக்குத்தான். 120 பிபிஎம்மில் ஒரு பீட் அரை நொடி. 15 அங்குல வேகத்தில் அது 7½ அங்குல டேப். 30 அங்குல வேகத்தில் 15 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு நோட் (ஒரு பீட்டில் கால் பங்கு) 125 மில்லிநொடி, 15 வேகத்தில் 1⅞ அங்குலம். சொல் தெறிக்கும் விளைவுக்கு அந்த அளவில் பல துண்டுகள் வெட்டி வரிசையாக ஒட்ட வேண்டும்.

செய்முறை: ரீலைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக உருட்டி, கிக் விழும் 'துப்' ஒலியை, டேப்பைப் படிக்கும் மெஷினின் தலைக்கு (ஹெட்) நேராக நிறுத்த வேண்டும். மஞ்சள் மெழுகுப் பென்சிலால் டேப்பின் முதுகில் குறி. பள்ளம் வெட்டிய அலுமினியக் கட்டையில் டேப்பைப் படுக்க வைத்து, ஒற்றை முனை பிளேடால் வெட்டு. ஒட்டும் டேப்பை முதுகுப் பக்கம் வைத்து நகத்தால் தேய்த்தால் வேலை முடிந்தது. காந்தம் ஏறிய பிளேடு ஒவ்வோர் ஒட்டிலும் 'டிக்' என்ற ஒலியை விட்டுவிடும். அதற்காகவே பிளேடின் காந்தத்தை நீக்கிவிட்டுத்தான் தொடுவார்கள்.

வெட்டின் கோணமும் முக்கியம். கால் அங்குல டேப்பை 45 பாகையில் வெட்டினால், 15 வேகத்தில் பழைய ஒலியிலிருந்து புதிய ஒலிக்கு 17 மில்லிநொடி அளவில் ஒரு மெல்லிய கலப்பு கிடைக்கும். அரை அங்குல டேப்பில் அதே கோணம் 33 மில்லிநொடி ஆகிவிடும். அப்போது ஒரு காதில் முன்னதாகவும் மறு காதில் பின்னதாகவும் மாற்றம் விழும், கிக்கின் முனை மழுங்கும். ஆகவே அகல டேப்புக்கு நிமிர்ந்த வெட்டு.

கையால் டிரம் வாசித்த பாட்டில் டிரம் மெஷின் சேர்த்தது எப்படி?

சிரமப்பட்டுத்தான். லின்டிரம், ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் போன்ற மெஷின்களில் பதிவான பாட்டு வேகம் மாறாது. நியூ ஆர்டரின் 'புளூ மண்டே' (1983) டிஎம்எக்ஸில் எழுப்பியது, 130 பிபிஎம், தொடக்கத்திலிருந்தே ஏழரை நிமிட 12 அங்குலத் தட்டாக வந்தது. மனிதர் வாசித்த டிரம், கோரஸில் 2 பிபிஎம் ஏறி, சரணத்தில் இறங்கும். அதன்மேல் நிலையான மெஷின் தாளம் வைத்தால் எட்டாவது பாரில் இரண்டு கிக்கும் 'துடுப்' என்று இரட்டித்துக் கேட்கும். ரோலண்ட் எஸ்பிஎக்ஸ்-80 போன்ற கருவியில் பாட்டோடு சேர்ந்து பீட்டைத் தட்டி, அந்த ஏற்ற இறக்கத்தையே மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று கணினியில் அதே வேலையை ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் குறி வைத்துச் செய்கிறோம்.

ஒரே பாட்டுக்கு ஏன் இத்தனை மிக்ஸ்?

விற்பனைக்காக. ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி வாங்கினால் தரவரிசைப் பட்டியலில் பாட்டு இறங்காது. ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்டின் 'டூ டிரைப்ஸ்' 1984-இல் பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த வாரங்களில் புதுப்புது மிக்ஸ்கள் கடைக்கு வந்துகொண்டே இருந்தன. ஆனால் இதில் வெறும் வியாபாரம் மட்டும் இல்லை. 'அனைஹிலேஷன்' மிக்ஸில் வரும் கனத்த குரல் பேட்ரிக் ஆலன் என்ற நடிகருடையது. அணுகுண்டுத் தாக்குதலில் தப்புவது எப்படி என்று பிரிட்டிஷ் அரசு தயாரித்த அறிவிப்புப் படங்களுக்குக் குரல் கொடுத்தவர் அவர். அதே ஆளைக் கூட்டிவந்து அதே தொனியில் பேசவைத்து நடனப் பாட்டில் பொருத்தினார்கள். இந்த அளவு யோசித்துச் செய்த ரீமிக்ஸ்கள் அந்தப் பத்தாண்டில் மிகக் குறைவு.

மறுபக்கம், கோரஸை இரண்டு தடவை கூடுதலாக ஒட்டி, நடுவில் எட்டு பார் டிரம் போட்டு 'எக்ஸ்டெண்டட்' என்று விற்ற தட்டுகளும் ஏராளம். அடையாளம் எளிது: மூலப் பாட்டில் இல்லாத ஒரு ஒலியோ, மூலத்தில் மறைந்திருந்த ஒரு ஒலியோ ஆறு நிமிடத்தில் ஒரு தடவையாவது வெளியே வராவிட்டால், அது அவசர வேலை.

தொடக்கத்துக்கு எதைக் கேட்கலாம்?

சாஃப்ட் செல்லின் 'டெயின்டட் லவ்' 12 அங்குலத் தட்டு (1981). பாட்டு முடியும் இடத்தில் தாளம் நிற்காமல் 'வேர் டிட் அவர் லவ் கோ' பாட்டுக்குள் நழுவி, ஏறத்தாழ ஒன்பது நிமிடம் போகும். இணைப்பில் எந்தக் கருவி கடைசியாக விலகுகிறது என்று கவனியுங்கள். அடுத்து 'புளூ மண்டே', பிறகு பெட் ஷாப் பாய்ஸின் 'டிஸ்கோ' (1986), மடோனாவின் 'யூ கேன் டான்ஸ்' (1987). கடைசி இரண்டும் ரீமிக்ஸ் தொகுப்புகள். கேட்கும்போது கையில் பேனா வைத்துக்கொண்டு எட்டு எட்டு பாராகக் கோடு போட்டு, எந்த எட்டில் எது வந்தது, எது போனது என்று எழுதிப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு இதைச் செய்தால் போதும், கட்டுமானம் பிடிபட்டுவிடும்.

பழைய தட்டு வாங்கும்போது எந்த மிக்ஸ் என்று எப்படி உறுதி செய்வது?

அட்டையை நம்ப வேண்டாம். தட்டின் உள் ஓரத்தில், வரிகள் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். ஃபிராங்கியின் 'ரிலாக்ஸ்' இதற்குப் புகழ்பெற்ற உதாரணம்: முதலில் வந்த 'செக்ஸ் மிக்ஸ்' 16 நிமிடத்துக்கு மேல் ஓடும், பிறகு சுருக்கியது வந்தது, அதன்பின் நியூயார்க் மிக்ஸ் வந்தது. பட்டியல் எண் அதே, தட்டுக்குள் இருப்பது வேறு. விற்பவரிடம் பொறிப்பு எண்ணின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

படத்தில் இன்னொன்றும் தெரியும். நீளமான மிக்ஸ்களில் டிரம் மட்டும் ஓடும் பகுதி, பளபளப்பு வித்தியாசமாக ஒரு பட்டை போலத் தெரியும். டிஜே கையில் இருந்த தட்டென்றால் அந்த இடமும் தொடக்க வளையமும்தான் அதிகம் தேய்ந்து சாம்பல் பூத்திருக்கும்.

கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்கள் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். பழைய காகித உறையோடு மூடி வைத்தால் பூஞ்சை வரியில் இறங்கும், அது 'பட் பட்' என்று கேட்கும். காகித உறையை எடுத்துவிட்டு, உள்ளே பாலித்தீன் பூசிய உறைக்கு மாற்றி, நிற்கவைத்து அடுக்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டர்ன்டேபிளில் பாட்டு மந்தமாக ஓடுகிறது. ஏன்?

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். சில பழைய பெல்ட் டிரைவ் கருவிகளின் மோட்டார் மின்சாரத்தின் துடிப்பைப் பிடித்தே சுற்றும். 45 சுற்று 37½ ஆகிவிடும். மின்னழுத்தத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இது சரியாகாது, ஏனெனில் அது துடிப்பை மாற்றாது. மோட்டார் முனையில் 50 ஹெர்ட்ஸுக்கான பெரிய கப்பியைப் போட வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற குவார்ட்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சற்றே மந்தமாக இல்லாமல் வேகம் வெகுவாகவே மாறிக் கேட்டால் வேறு காரணம்: சில 12 அங்குலத் தட்டுகள் 33⅓ சுற்று, பல 45, லேபிளில் சொல்லாமலும் விட்டிருப்பார்கள். மாற்றிப் போட்டால் சுருதி ஐந்து அரைச்சுரத்துக்கும் மேல் விலகும்.

தட்டைக் கணினியில் பதிவு செய்ய என்ன அமைப்பு?

24 பிட், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மிக உரத்த இடத்தில் அளவுமானி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. எல்பி தட்டுக்கு வைத்த அளவிலேயே 12 அங்குல சிங்கிளைப் போட்டால் முனை வெட்டுப்படும், அவை அவ்வளவு உரக்க வெட்டப்பட்டவை. முதலில் தட்டின் நடுவிலிருக்கும் பிரேக் பகுதியைப் போட்டு அளவைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

'டிக்' ஒலிகளை மென்பொருளால் முழுத் தட்டுக்கும் ஒரேயடியாக நீக்க வேண்டாம். டிரம் மெஷினின் கைத்தட்டல், ரிம்ஷாட் ஒலிகளையும் அது கீறலென்று நினைத்து மழுங்கடிக்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் கையால் நீக்குங்கள். பொறுமை வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை.

சிடியிலும் ஸ்ட்ரீமிங்கிலும் அதே மிக்ஸ்தானா?

பல நேரங்களில் இல்லை. பெயர் ஒன்று, நீளம் வேறு. மூல டேப் கிடைக்காமல் தட்டிலிருந்து எடுத்துப் போட்டவையும் உண்டு. தொடக்கத்து அமைதியில் மெல்லிய இரைச்சல் சுழன்று சுழன்று வந்தால் அதுதான். 80-களில் பரவலாக இருந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற சில டேப்புகளின் பசை ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். அவற்றை 55 பாகை செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடாக்கி உலர்த்தினால்தான் ஓட்ட முடியும். அந்தச் செலவுக்குத் தயங்கும் இடத்தில் தட்டுப் பிரதி வந்துவிடுகிறது. நிமிடம், நொடிக் கணக்கை மூலத் தட்டின் லேபிளோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஒரு பாட்டை இந்த முறையில் நீட்ட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

வேகத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதிலிருந்து. மென்பொருள் '117' என்று சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம். முதல் பாரின் கிக்கிலிருந்து 65-ஆவது பாரின் கிக் வரை நொடிகளை அளந்து, 15,360-ஐ அந்த நொடிகளால் வகுங்கள். 131.6 நொடி வந்தால் வேகம் 116.72. மாஸ்டரிங்கில் டேப் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்ததால் 80-களின் பாட்டுகள் முழு எண்ணில் அபூர்வமாகத்தான் நிற்கும். 120-இல் 0.1 பிபிஎம் தவறினால்கூட 64 பாருக்குள் 100 மில்லிநொடிக்கு மேல் விலகிவிடும். காதுக்கு அது அப்பட்டமாகக் கேட்கும்.

பிறகு பாட்டைக் காகிதத்தில் பார் பாராக எழுதுங்கள். எந்த இடத்தில் குரல் இல்லை, எங்கே டிரம் தனியாக இருக்கிறது என்பதுதான் உங்கள் மூலதனம். பழைய சிங்கிள்களில் தனி டிரம் இரண்டு பார்தான் கிடைக்கும். அதையே எட்டுத் தடவை ஓட்டினால் 16 பார் தொடக்கம். ஆனால் அப்படியே திரும்பத் திரும்ப ஓட்டினால் இயந்திரத்தனம் தெரிந்துவிடும். நான்காவது, எட்டாவது சுற்றின் கடைசி பீட்டில் வேறு இடத்திலிருந்து ஒரு டிரம் உருட்டலை எடுத்து வையுங்கள். ஏழு நிமிடம் என்பது 116.72 வேகத்தில் 204 பார். தொடக்கம் 32, முடிவு 24, நடு பிரேக் 32 என்று ஒதுக்கினால் மீதி 116 பார் பாட்டுக்கு. மூலப் பாட்டை அநேகமாக முழுதாகவே வைக்க இது போதும்.

சேர்ப்பதைவிட எடுப்பதில்தான் சுவை. கோரஸ் வரும் முன் ஒரே ஒரு பாருக்குக் கிக்கை நிறுத்திப் பாருங்கள்.

ஒட்டிய இடம் காட்டிக்கொடுக்கிறது. என்ன தவறு?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். 'டிக்' என்று கேட்டால், வெட்டு அலை பூஜ்யத்தைக் கடக்காத இடத்தில் விழுந்திருக்கிறது. 5 முதல் 10 மில்லிநொடி கலப்பு வைத்தால் போய்விடும். கிக்கின் முனையில் 'சப்' என்று வலு குறைந்தால், கலப்பு கிக்கின் மேலேயே விழுந்திருக்கிறது. வெட்டைக் கிக்குக்கு ஓரிரு மில்லிநொடி முன்னால் தள்ளுங்கள்.

மூன்றாவதுதான் கடினம்: குரலின் எதிரொலி வால். கோரஸின் கடைசிச் சொல் அடுத்த பாரிலும் ஒலித்துக்கொண்டிருக்கும், நீங்கள் அந்த இடத்தில் வேறு பாரை வைத்ததும் வால் அறுந்துபோகும். அந்த அடுத்த பாரையும் தனியாக எடுத்து, கிக் விழும் தாழ் அதிர்வெண்களை ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) நீக்கி, புதிய பாரின் மேல் மெல்லத் தேயவிடுங்கள். குரல் அதீத எடுப்பில், அதாவது பாருக்கு அரை பீட் முன்பே தொடங்கினால் பாரின் தொடக்கத்தில் வெட்டக் கூடாது, முதல் எழுத்து போய்விடும். ஒரு பீட் முன்னால் ஸ்னேரில் வெட்டுங்கள், ஸ்னேரின் இரைச்சல் இணைப்பை மூடிவிடும். ஏஎம்எஸ் ஆர்எம்எக்ஸ்16 கருவியின் சட்டென அறுபடும் எதிரொலியை டிரம்மில் வைத்த பாட்டுகள் வெட்ட வசதியானவை, ஸ்னேருக்கு வாலே இருக்காது.

குரலைப் பிரிக்கும் மென்பொருள் இருந்தால் மல்டி-டிராக் தேவையில்லையே?

பாதி உண்மை. குரலும் பேஸும் நன்றாகவே பிரியும். 80-களின் கீபோர்டு, கிட்டார், எதிரொலி மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கசியும். ஹை-ஹாட் தண்ணீருக்குள் இருப்பது போல் சளசளக்கும். தனியாக நிறுத்தினால்தான் இந்தக் குறை தெரியும், வேறு ஒலி மேலே இருந்தால் மறைந்துவிடும். ஆகவே பிரித்த குரலைப் புதிய டிரம்மின் மேல் வையுங்கள், பிரித்த டிரம்மைத் தனியாக 16 பார் ஓட்டாதீர்கள். புதிய கிக்கைப் பழைய கிக்கின் மேல் வைத்ததும் பேஸ் மெலிந்துபோனால், புதியதன் துருவத்தை, அதாவது அலையின் மேல் கீழைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டில் எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ததை இணையத்தில் ஏற்றலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. பாடலை எழுதியவர் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று, இரண்டும் வேண்டும். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு. 1984-இல் வந்த சிங்கிளுக்கு 2044 முடியும் வரை. வேகத்தையும் சுருதியையும் சற்று மாற்றினால் தளங்களின் தானியங்கிச் சோதனை கண்டுகொள்ளாது என்று சொல்லப்படுவதை நம்பி ஏற்றினால், கணக்கு முடங்குவதோடு நல்ல மிக்ஸும் கெட்டுப்போகும்.